வேட்பாளரை யார் தேர்ந்தெடுப்பது? பிளைனை குவென்ட் தொகுதியின் வாக்கு மரபு

தென்கிழக்கு வேல்ஸில், டிரெடீகர் ஊருக்கும் எப்பு வேல் ஊருக்கும் நடுவே, காற்றைத் தடுக்க எதுவும் இல்லாத மேட்டுவெளி ஒன்றில் நான்கு கற்கள் நிற்கின்றன. உயரமான கல், பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கிவைத்த தொழிற்கட்சி அரசியல்வாதி அனைரின் பெவனுக்கு உரியது. சிறிய கற்கள் மூன்றும் அவருடைய தொகுதியில் அடங்கியிருந்த எப்பு வேல், டிரெடீகர், ரம்னி ஆகிய மூன்று ஊர்களுக்கு உரியவை. தன் தொகுதி மக்களிடமும் உலகத்திடமும் பெவன் பேசிய இடம் இதுதான் என்று பெரிய கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஒரு தலைவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பும்போது அவருக்கு வாக்களித்த ஊர்களையும் கல்லாக நட்டுப் பக்கத்தில் நிற்க வைத்திருப்பது, அந்தப் பள்ளத்தாக்குகளில் மக்களுக்கும் அவர்களுடைய பிரதிநிதிக்கும் இடையே இருந்த உறவு எப்படிப்பட்டது என்பதைக் காட்டிவிடுகிறது.

எப்பு வேல் என்றும், 1983க்குப் பிறகு பிளைனை குவென்ட் என்றும் அழைக்கப்பட்ட இந்தத் தொகுதியைப் பற்றி எழுதுபவர்களில் பலர் இதைத் தொழிற்கட்சியின் அசைக்க முடியாத கோட்டை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கழுதைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி நிறுத்தினாலும் இங்கே ஜெயித்துவிடும் என்பது தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளைப் பற்றி பிரிட்டனில் அடிக்கடி சொல்லப்படும் பேச்சு. வாக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது உண்மைபோலத் தோன்றும். ஆனால் 2005இல் இதே தொகுதி, நாட்டிலேயே மிகப் பாதுகாப்பானவை என்று கருதப்பட்ட இடங்களில் ஒன்றைத் தொழிற்கட்சியிடமிருந்து பறித்து ஒரு சுயேச்சையிடம் கொடுத்தது. கோட்டை என்ற விளக்கத்தை வைத்துக்கொண்டு அந்த நிகழ்வைப் புரிந்துகொள்ளவே முடியாது. அதற்கு இந்த மக்கள் எந்தக் கட்சிக்கு வாக்களித்தார்கள் என்று பார்ப்பதைவிட, வேட்பாளரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்ப்பதே சரியான வழி என்பது என் கருத்து.

வாக்குரிமை இந்தப் பள்ளத்தாக்குகளுக்குத் தானாக வந்து சேர்ந்ததல்ல. 1839 நவம்பர் 4ஆம் தேதி, இரும்பாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த ஆயிரக்கணக்கானோர் மலைகளிலிருந்து இறங்கி நியூபோர்ட் நகரை நோக்கி ஊர்வலமாகச் சென்றார்கள். வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு, இரகசிய வாக்குப்பதிவு, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் என்பன போன்ற ஆறு கோரிக்கைகளை முன்வைத்த சார்ட்டிஸ்ட் இயக்கத்தினர் அவர்கள். நியூபோர்ட்டில் இராணுவத்தினர் சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான்ட்டிக்லோ, பிளைனா பகுதி ஆட்களுக்குத் தலைமை ஏற்றுச் சென்ற செபனாயா வில்லியம்ஸுக்கு முதலில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டு, அவர் இன்றைய டாஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்டார். அதே நான்ட்டிக்லோவில், தங்கள் தொழிலாளர்களே கிளர்ந்தெழுந்தால் உள்ளே புகுந்து தற்காத்துக்கொள்வதற்காக இரும்பாலை முதலாளிகள் கட்டிய வட்டக் கோபுரங்கள் இன்றும் இருக்கின்றன. வேலை கொடுப்பவன் தன்னிடம் வேலை செய்பவனுக்குப் பயந்து, அடிக்கணக்கில் கனத்த சுவரெழுப்பி வாழ்ந்த மண் அது. வாக்குச்சீட்டு அங்கே சடங்காக இருந்திருக்க முடியாது.

இரகசிய வாக்குப்பதிவு 1872இல் சட்டமானது. நகரத் தொகுதிகளுக்கு வெளியே வாழ்ந்த சுரங்கத் தொழிலாளர்களில் குடும்பத் தலைவர்களாக இருந்தவர்களுக்கு 1884ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே வாக்கு கிடைத்தது. தொடக்கத்தில் அந்த வாக்குகள் லிபரல் கட்சிக்கே போயின. ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு வெளியே நின்ற சிற்றாலயங்கள் ஊருக்கு ஊர் இருந்தன. அவற்றின் அரசியல் லிபரல் அரசியலாகவே இருந்தது. லிபரல் கட்சியின் பெருந்தலைவர்களில் ஒருவரான சர் வில்லியம் ஹார்கோர்ட் இந்தப் பகுதியைச் சேர்ந்த மேற்கு மன்மத்ஷயர் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். அவருக்குப் பின் 1904 இடைத்தேர்தலில் அந்த இடத்துக்கு வந்தவர் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் பொதுச்செயலாளர் டாம் ரிச்சர்ட்ஸ். 1898இல் உருவான அந்தக் கூட்டமைப்பை ஊர்க்காரர்கள் ‘ஃபெட்’ என்று சுருக்கமாகச் சொன்னார்கள். 1909இல் சுரங்கத் தொழிலாளர் சங்கங்கள் தொழிற்கட்சியுடன் இணைந்தபோது, ரிச்சர்ட்ஸைப் போன்ற உறுப்பினர்களும் அவர்களுடைய தொகுதிகளும் லிபரல் பக்கத்திலிருந்து தொழிற்கட்சிப் பக்கத்துக்கு நகர்ந்தார்கள். முதலில் சங்கம், பிறகு கட்சி என்பதே அங்கே வரிசையாக இருந்தது. 1920இல் ரிச்சர்ட்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை விட்டு விலகிச் சங்கப் பணியைத் தொடர்ந்தார் என்பதைப் பார்த்தால், இரண்டில் எது பெரிதாகக் கருதப்பட்டது என்பது விளங்கும்.

சுரங்கச் சங்கம் என்பதை இன்றைய தொழிற்சங்கக் கிளைபோல எண்ணிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு கிளை இருந்தது. கூலித் தகராறு மட்டுமல்லாமல் விபத்து இழப்பீடு, வீட்டுவாடகை, நூலகம், வைத்தியம் என எல்லாமே அந்தக் கிளையையும் அதைச் சுற்றி வளர்ந்த அமைப்புகளையும் தொட்டுச் சென்றன. டிரெடீகரில் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் என்று ஒன்று இருந்தது. உறுப்பினரின் சம்பளத்தில் ஒரு பவுனுக்கு மூன்று பென்ஸ் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தில் மருத்துவர்களும் செவிலியர்களும் பல் வைத்தியரும் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டார்கள். மருந்தும் கண்ணாடியும் தரப்பட்டன. ஒரு காலத்தில் ஊர் மக்களில் பெரும்பாலோர் அதன் பாதுகாப்பில் இருந்தார்கள். 1948 ஜூலை 5ஆம் தேதி சுகாதார அமைச்சராகப் பெவன் தொடங்கிவைத்த தேசிய சுகாதார சேவைக்கு இதுவே முன்மாதிரி. நாடு முழுவதையும் டிரெடீகர் ஆக்கப்போகிறோம் என்ற பொருளில் அவரே பேசியிருக்கிறார். ஆகவே தொழிற்கட்சிக்கு விழுந்த வாக்கு, தூரத்தில் இருந்த ஒரு கட்சியின் கொள்கை அறிக்கையைப் படித்துவிட்டுப் போட்ட வாக்கு அல்ல. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டக்கூடிய மருத்துவரும், வேலை போனால் உட்கார்ந்து படிக்கக்கூடிய நூலகமும், கூரை இடிந்து கால் முறிந்தால் முதலாளியிடம் பேசப் போகும் கிளைச் செயலாளரும் ஒரே இடத்தில் ஒன்றுசேர்ந்து ஒரு வேட்பாளராக நின்றபோது போட்ட வாக்கு.

அந்த வேட்பாளரை நிறுத்தும் முறையில்தான் இந்தத் தொகுதியின் உயிர்நாடி இருந்தது. சுரங்கத் தொழிலாளர்களே வாக்காளர்களில் மிகப் பெரிய கூட்டமாக இருந்த இடத்தில், அவர்களுடைய சங்கம் நிறுத்துகிறவர் வெல்வது உறுதி. எனவே சங்கக் கிளைகளுக்குள் நடந்த தேர்வுதான் உண்மையான தேர்தல். பொதுத்தேர்தல் நாளில் நடந்தது அதற்கு ஊர் கூடிப் போட்ட முத்திரை. பெவன் நாடாளுமன்றத்துக்குப் போன கதை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1897இல் டிரெடீகரில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, பதின்மூன்று வயதில் தானும் சுரங்கத்துக்குள் இறங்கி, சங்கத்தின் உதவித்தொகையில் இலண்டன் மத்திய தொழிலாளர் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துத் திரும்பி, வேலை கிடைக்காமல் அலைந்து, நண்பர்களுடன் ‘கேள்விக் கழகம்’ என்ற சிறு குழுவை அமைத்து ஊர்மன்றத்திலும் சங்கத்திலும் இடம்பிடித்தவர் அவர். 1926இல் சுரங்க முதலாளிகள் கதவடைத்த ஏழு மாதங்களில் ஊருக்குச் சோறு போடும் ஏற்பாடுகளில் முன்னின்றார். 1929 பொதுத்தேர்தலுக்கு முன், அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் ஈவான் டேவிஸ் மீது சங்கத்தினருக்கு அதிருப்தி இருந்தது. வேட்பாளரைத் தீர்மானிக்கச் சுரங்கத் தொழிலாளர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. பதவியில் இருந்த டேவிஸ் தோற்றார், பெவன் வென்றார். பிற்காலத்தில் மாமனிதராகப் போற்றப்பட்டவர் தன் கட்சியின் நடப்பு உறுப்பினரை, சட்டை முழுக்கக் கரிபடிந்த மனிதர்களின் வாக்குகளைக் கொண்டு அகற்றிவிட்டே உள்ளே வந்தார்.

இரண்டே ஆண்டுகளில், 1931இல், தொழிற்கட்சி நாடெங்கும் மண்ணைக் கவ்விய பொதுத்தேர்தலில் பெவன் எப்பு வேலில் போட்டியின்றித் தேர்வானார். எதிர்த்து நிற்க ஆள் வரவில்லை. அதற்குப் பின் வந்த தேர்தல்களில் 80 சதவீதத்தை ஒட்டிய வாக்குகள் அவருக்கு விழுந்துகொண்டிருந்தன.

இவ்வளவு வாக்கு வாங்கிய பெவன் கட்சிக்கு அடங்கிய பிள்ளையாக இருந்தவரில்லை. பாசிசத்துக்கு எதிராக எல்லாக் கட்சிகளும் சேர்ந்த பொது முன்னணி வேண்டும் என்று வற்புறுத்தியதற்காக 1939இல் அவர் தொழிற்கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பச் சேர்க்கப்பட்டார். பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கச் சொந்த அரசாங்கமே முடிவெடுத்தபோது 1951இல் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். 1955இல் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, மொத்தமாக வெளியேற்றப்படும் விளிம்புவரை போய் மீண்டார். ஒவ்வொரு முறையும் தொகுதி அவர் பக்கமே நின்றது. டிரெடீகரில் ஊரே காசு சேர்த்து நடத்திய வைத்தியத்தில் வளர்ந்த மக்களுக்கு, கண்ணாடிக்குக் கட்டணம் என்பது ஏதோ வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு வரியாகத் தெரிந்திருக்காது. தலைமையோடு சண்டை போட்டவரைத் தங்களுக்காகச் சண்டை போட்டவராகவே அவர்கள் பார்த்தார்கள்.

1960 ஜூலையில் பெவன் இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, ஜூன் 28ஆம் தேதி, பக்கத்துப் பள்ளத்தாக்கில் அபர்டிலரியை அடுத்த சிக்ஸ் பெல்ஸ் சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் 45 பேர் மாண்டிருந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் நடந்த இடைத்தேர்தலுக்குத் தொகுதிக் கட்சி தேர்ந்தெடுத்தவர் மைக்கேல் ஃபுட். அவர் சுரங்கத்தைச் சேர்ந்தவருமில்லை, வேல்ஸ்காரருமில்லை. பிளிமத்தில் பிறந்த பத்திரிகையாளர், ஐந்தாண்டுகளுக்குள் அதே நகரில் இரண்டு முறை தோற்றவர். அணு ஆயுதங்களைப் பிரிட்டன் ஒருதலைப்பட்சமாகக் கைவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கட்சித் தலைவர் ஹ்யூ கெய்ட்ஸ்கெல்லுக்கு நேரெதிராக நின்றவர். ‘உள்ளூர்க்காரர்தான் வேண்டும்’ என்பதே இந்தத் தொகுதியின் மரபு என்று 2005க்குப் பிறகு எழுதியவர்கள் இந்த ஒரு தேர்வைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வெளியூர்க்காரரையும் ஏற்றுக்கொண்டார்கள்; ஆனால் அவரைத் தேர்ந்தவர்கள் அவர்களே. ஃபுட் வந்த சில மாதங்களில், பாதுகாப்புச் செலவு தொடர்பான வாக்கெடுப்பில் கட்சிக் கட்டளையை மீறியதற்காக அவரும் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து விலக்கப்பட்டு இரண்டாண்டுகள் வெளியே இருந்தார்.

ஃபுட்டின் உறவு சுமுகமாகவே சென்றதென்று சொல்ல முடியாது. 1970களின் நடுவில் எப்பு வேல் இரும்பாலையில் உருக்கு உற்பத்தியை நிறுத்தும் முடிவு வந்தபோது அவர் அமைச்சரவையில் இருந்தார். தொழிலாளர்கள் நடுவே போய் நின்று அவர்களுடைய கோபக்குரல்களை நேருக்கு நேர் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் அவர் போய் நின்றார் என்பதை மக்கள் மறக்கவில்லை. அவருடைய தலைமையில் தொழிற்கட்சி 1983 பொதுத்தேர்தலில் நாடு தழுவிய அளவில் 28 சதவீதத்துக்கும் குறைவான வாக்குகளைப் பெற்றுப் பெருந்தோல்வி அடைந்தது. அதே நாளில் பிளைனை குவென்ட்டில் பத்துக்கு ஏழு பேர் அவருக்கு வாக்களித்தார்கள். 1992இல் அவர் ஓய்வு பெற்றபின் தொழிற்கட்சியின் லியூ ஸ்மித் 30,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பள்ளத்தாக்கின் கடைசிப் பெரிய ஆழ்சுரங்கமான மரின் சுரங்கம் அதற்கு முன்பே, 1989இல், மூடப்பட்டுவிட்டது. சுரங்கமே இல்லாத ஊரில் சுரங்கத் தொழிலாளர் மரபில் விழுந்த வாக்குகள் அவை.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் மரபு இன்னும் உறுதியாக இருப்பதற்கான சான்றாகப்பட்டன. எனக்கு அவை வேறொன்றைக் காட்டுகின்றன. வாக்கு அப்படியே இருந்தது. வாக்கைத் தாங்கி நின்ற அமைப்பு போய்விட்டது. சுரங்கம் மூடியபோது சங்கக் கிளை மூடியது. கிளை மூடியபோது, நடப்பு உறுப்பினரைக்கூட மாற்றக்கூடிய அந்த உள்வாக்கெடுப்பும் போயிற்று. 2002இல் எப்பு வேல் இரும்பாலையும் அடியோடு நின்றது. தெருவில் பார்த்தால் தட்டிக் கேட்கக்கூடிய இடத்தில் இருந்த கட்சி, கார்டிஃபிலும் இலண்டனிலும் இருக்கும் அலுவலகங்களாக மெல்ல மாறிக்கொண்டிருந்தது.

அந்த நிலையில்தான் 2005 வந்தது. லியூ ஸ்மித் ஓய்வு பெறுவதாக அறிவித்ததும், அடுத்த வேட்பாளரைப் பெண்களுக்கு மட்டுமேயான பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்சித் தலைமை தீர்மானித்தது. தொகுதிக் கட்சியில் பலர் இதை எதிர்த்தார்கள். பட்டியல் முறையின் நோக்கத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். 1997 பொதுத்தேர்தலுக்கு முன்புவரை வேல்ஸ் முழுவதிலிருந்தும் நாடாளுமன்றத்துக்குச் சென்ற பெண்கள் மொத்தம் நான்கே பேர். சுரங்கத்தையும் சங்கத்தையும் நம்பி வளர்ந்த அரசியல், ஆண்கள் மட்டுமே பேசிய அரசியலாக இருந்தது. 1926 கதவடைப்பிலும் 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திலும் சமையற்கூடங்களை நடத்திக் குடும்பங்களைக் காப்பாற்றிய பெண்களின் பெயர்கள் வேட்பாளர் பட்டியலில் வரவில்லை. அந்த அநீதியைச் சரிசெய்ய ஏதோ ஒரு கட்டாயம் தேவைப்பட்டது. ஆனால் எந்த உரிமையைத் தங்களுடைய அரசியலின் மையமாக இந்த மக்கள் எழுபத்தைந்து ஆண்டுகளாக வைத்திருந்தார்களோ, அதே இடத்தில் மேலிருந்து வந்த உத்தரவு கைவைத்தது. நியாயமான நோக்கம் தவறான கதவு வழியாக நுழைந்தது.

பீட்டர் லா அபர்கவெனியில் பிறந்து இந்தப் பகுதியிலேயே வளர்ந்தவர். உள்ளாட்சியில் நெடுங்காலம் இருந்தவர். 1999 முதல் வேல்ஸ் சட்டமன்றத்தில் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர். கட்சியின் முடிவை எதிர்த்துச் சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது அவருக்கு மூளைக்கட்டி இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மீண்டு வந்து போட்டியிட்டார். தொழிற்கட்சி நிறுத்திய மேகி ஜோன்ஸ் தொழிற்சங்க நிர்வாகியாக இருந்தவர். முந்தைய தேர்தலில் தொழிற்கட்சியின் வித்தியாசம் 19,313 வாக்குகள். வாக்கு விகிதம் 72 சதவீதம். மே 5ஆம் தேதி எண்ணி முடித்தபோது லா 20,505 வாக்குகளும் ஜோன்ஸ் 11,384 வாக்குகளும் பெற்றிருந்தார்கள். தொழிற்கட்சியின் விகிதம் 32க்கு இறங்கியிருந்தது.

இதற்கு முன்னுதாரணம் பக்கத்துப் பள்ளத்தாக்கிலேயே இருந்தது. மெர்த்தர் டிட்ஃபில் தொகுதியில் 1934 முதல் உறுப்பினராக இருந்த எஸ். ஓ. டேவிஸை வயதாகிவிட்டது என்று சொல்லி 1970இல் தொழிற்கட்சி ஒதுக்கியது. எண்பது வயதைத் தாண்டிய அவர் தனியாக நின்று, கட்சி நிறுத்திய வேட்பாளரை 7,467 வாக்குகளில் தோற்கடித்தார். தொழிற்கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான கெய்ர் ஹார்டியை 1900இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர் மெர்த்தர். தொழிற்கட்சியின் தொட்டில்களில் ஒன்று. அந்த ஊரே, ஒரு முதியவரை ஒதுக்கியதற்காகத் தான் வளர்த்த கட்சியைத் தண்டித்தது. அந்த 1970ஐ 2005இல் கட்சித் தலைமையில் இருந்தவர்கள் நினைத்துப் பார்த்திருந்தால் நிதானித்திருப்பார்கள்.

லா ஓராண்டுகூட முழுதாகப் பதவியில் இருக்கவில்லை. 2006 ஏப்ரலில் இறந்தார். அவர் வகித்த இரண்டு இடங்களுக்கும் ஜூன் 29ஆம் தேதி ஒரே நாளில் இடைத்தேர்தல் நடந்தது. இறந்தவர் மீதான அனுதாபம் அடங்கியதும் வாக்குகள் பழையபடி வீட்டுக்குத் திரும்பிவிடும் என்று தொழிற்கட்சியினர் எதிர்பார்த்தார்கள். நாடாளுமன்ற இடத்தை லாவின் தேர்தல் வேலைகளைக் கவனித்த முன்னாள் இரும்பாலைத் தொழிலாளி டை டேவிஸ் வென்றார். சட்டமன்ற இடத்தை லாவின் மனைவி ட்ரிஷ் லா வென்றார், மறு ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலிலும் தக்கவைத்தார். 2005இல் நடந்தது பெண் வேட்பாளர் மீதான வெறுப்பு மட்டுமே என்று எழுதியவர்களுக்கு ட்ரிஷ் லாவின் வெற்றி ஒரு பதில். அது முழுமையான பதில் என்று நான் வாதிட மாட்டேன். பள்ளத்தாக்கின் ஆணாதிக்கம் அந்தத் தேர்தலில் வேலையே செய்யவில்லை என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

2010இல் டிரெடீகரைச் சேர்ந்த நிக் ஸ்மித் தொழிற்கட்சிக்காகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் தொகுதியை மீட்டார். தொழிற்கட்சி நாடெங்கும் ஆட்சியை இழந்த தேர்தலில், இங்கே அது பெரும் எழுச்சியோடு திரும்பியது. கோட்டை திரும்பிவிட்டது என்று அப்போது எழுதப்பட்டது. ஆனால் உள்ளாட்சித் தேர்தல்களைப் பார்த்தால் அந்த முடிவுக்கு வர முடியாது. பிளைனை குவென்ட் மன்றம் 2008இல் தொழிற்கட்சியின் கையைவிட்டுப் போனது, 2012இல் திரும்பியது, 2017இல் மீண்டும் சுயேச்சைகளிடம் போனது, 2022இல் மறுபடி தொழிற்கட்சிக்கு வந்தது. 2016 வேல்ஸ் சட்டமன்றத் தேர்தலில் வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரி வெறும் 650 வாக்குகளில் தோற்றது. மரபாக வாக்களிப்பவர்கள் இப்படிப் போய்ப் போய் வரமாட்டார்கள். இவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்வு செய்கிறவர்கள். முன்பு சங்கக் கூடத்துக்குள் செய்த தேர்வை இப்போது வாக்குச்சாவடியிலேயே செய்கிறார்கள்.

2016 ஜூனில் நடந்த ஐரோப்பிய ஒன்றியப் பொது வாக்கெடுப்பில், வேல்ஸிலேயே மிக அதிக விகிதத்தில், 62 சதவீதம் பேர், வெளியேற வேண்டும் என்று வாக்களித்த பகுதி பிளைனை குவென்ட். இரும்பாலை நின்ற இடத்தில் எழுந்த கல்லூரி, 2008இல் மீண்டும் ஓடத் தொடங்கிய எப்பு வேல் ரயில், மலைமேல் அகலப்படுத்தப்பட்ட நெடுஞ்சாலை ஆகியவற்றில் ஐரோப்பிய நிதி இருந்தது. ஒன்றியத்தின் நீலக்கொடி தாங்கிய பலகைகள் ஊரெங்கும் இருந்தன. அந்தப் பலகைகளைப் படம் எடுத்துப் போட்டு, நன்றி இல்லாத மக்கள் என்று எழுதிய செய்தியாளர்கள் உண்டு. அந்த எழுத்து என்னை வருத்தப்பட வைத்தது. கட்டடங்கள் எங்கே எழ வேண்டும், பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று அந்த மக்களிடம் கேட்டு யாரும் முடிவு செய்யவில்லை. மூன்று பென்ஸ் கொடுத்துத் தாங்களே மருத்துவரை அமர்த்திய மக்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். கொடுக்கப்பட்டதற்கும் தாங்களே நடத்தியதற்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குக் குடும்ப நினைவாகவே தெரியும். வெளியேறியது அவர்களுக்கு நன்மை செய்ததா என்பது வேறு கேள்வி. செய்யவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த மாற்றம் அருகிலுள்ள ஒரு தொகுதியில் தெரிந்தது. 1913இல் செங்கெனித் சுரங்க வெடிவிபத்தில் 439 பேரை ஒரே காலையில் இழந்த மண்ணைக் கொண்ட கெர்ஃபிலி, நூறாண்டுகளாகத் தொழிற்கட்சியின் கையிலேயே இருந்தது. 2025 அக்டோபர் 23ஆம் தேதி அங்கே நடந்த செனெத் (வேல்ஸ் சட்டமன்றத்தின் இன்றைய பெயர்) இடைத்தேர்தலில் ப்ளைட் கம்ரியின் லின்ட்சே விட்டில் 47 சதவீத வாக்குகளோடு வென்றார். வலதுசாரி ரிஃபார்ம் கட்சி 36 சதவீதம் பெற்று இரண்டாவதாக வந்தது. தொழிற்கட்சிக்குக் கிடைத்தது 11 சதவீதம். வாக்குப்பதிவு 50 சதவீதத்தைத் தொட்டது. அந்த மன்றத்துக்கான தேர்தல்களில் இது சாதாரணமாக நடப்பதில்லை. வென்ற விட்டில் பல ஆண்டுகளாக உள்ளூர் மன்றத்தில் இருந்தவர், பலமுறை நின்று பலமுறை தோற்றவர், தெருவில் எல்லோருக்கும் தெரிந்தவர். கட்சி மாறிய தேர்தல் என்று அதைச் சொல்வது சரியே. ஆளைப் பார்த்துப் போட்ட தேர்தல் என்றும் அதைச் சொல்லலாம்.

தொகுதி எல்லைகளும் இதற்குள் மாறியிருக்கின்றன. 1983இல் எப்பு வேலிலிருந்து பிரிக்கப்பட்ட ரம்னி, 2024 பொதுத்தேர்தலுக்காக வரையப்பட்ட எல்லைகளில் ‘பிளைனை குவென்ட்டும் ரம்னியும்’ என்ற பெயரோடு திரும்ப வந்து சேர்ந்தது. மேட்டுவெளியில் கல்லாக நிற்கும் மூன்று ஊர்களும் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே தொகுதியில் வாக்களித்தன. நிக் ஸ்மித் மீண்டும் எளிதாக வென்றார். ஆனால் பதிவான வாக்காளர்களில் பாதிப் பேர்கூட வாக்களிக்க வரவில்லை. எண்பது சதவீதம் எண்பது சதவீதமாகப் பெவனுக்கு வாக்குகள் குவிந்த காலத்தில், 1950 பொதுத்தேர்தலில், பிரிட்டன் முழுவதும் சேர்த்தே 84 சதவீதம் பேர் வாக்களித்திருந்தார்கள். கட்சி வாங்கிய விகிதத்தை மட்டும் பார்த்து மரபை அளப்பவர்கள், வீட்டிலேயே இருந்துவிட்ட இந்தப் பாதியைக் கவனிக்க வேண்டும்.

செனெத்துக்கான தேர்தல் முறை 2026 மே மாதத்துக்கென்று புதிதாக வகுக்கப்பட்டிருக்கிறது. வேல்ஸ் முழுவதும் 16 பெரிய தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு உறுப்பினர்கள், மொத்தம் 96 பேர். பிளைனை குவென்ட், கெர்ஃபிலியுடனும் ரம்னியுடனும் ஒரே தொகுதியாக இணைக்கப்பட்டுள்ளது. வாக்குகளின் விகிதத்துக்கு ஏற்ப இடங்கள் கிடைக்கும் என்பதால், சிறிய கட்சிக்குப் போட்ட வாக்கு வீணாவது குறையும். அந்த அளவில் இது பழைய முறையைவிட நியாயமானது. ஆனால் வாக்காளர் ஒரே ஒரு இடத்தில் குறியிட வேண்டும்: ஒரு கட்சியின் பட்டியலுக்கோ, தனியாக நிற்கும் ஒரு சுயேச்சைக்கோ. கட்சிப் பட்டியலில் யார் முதலில், யார் ஆறாவது என்பதைக் கட்சியே முடிவு செய்து அச்சிட்டுவிடும். அந்த வரிசையில் ஒரு பெயரை மேலே ஏற்றவோ கீழே இறக்கவோ வாக்குச்சீட்டில் இடமில்லை.